பூஜை போட்ட கை

பொற்கொடியிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. நல்லது செய்தவர்களை அவள் மறந்தாலும் மறப்பாள். கெட்டது செய்தவர்களை மட்டும் சாகிறவரைக்கும் மறக்கமாட்டாள். மூன்றாம் வகுப்பில் அவள் தட்டில் மட்டும் எட்ட நின்று சோற்றை வீசிய ஆயாவின் பெயர், கல்லூரியில் ‘நீ எந்தக் கோட்டாவுல வந்தே’ என்று கேட்டவனின் இனிஷியல், எல்லாம் மனப்பாடம். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாழைத்தோப்பில் கூலிக்குப் போன அங்கப்பனின் மகள் அவள். அங்கப்பன் நேர் எதிர். எவன் என்ன ஏசினாலும் மறுநாள் அதே வரப்பில் போய் நிற்பார். அவர் மறந்ததற்கெல்லாம் வட்டி சேர்த்து இவள் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று அம்மா பாவாத்தாள் சொல்வாள்.

பொற்கொடிக்கு இப்போது சரவணம்பட்டியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ஸ்விட்சுகளைக் கண்காணிக்கும் வேலை. ஸ்விட்ச் என்றதும் லைட் போடுகிற சுவிட்சை நினைத்துவிடாதீர்கள். ஒரு மில்லில் இருக்கும் கம்ப்யூட்டர், கேமரா, எந்திரம் எல்லாவற்றின் ஒயரும் வந்து சேர்கிற தகரப் பெட்டி அது. முகத்தில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும்; ஒவ்வொன்றும் ஒரு போர்ட். எந்தப் போர்ட்டில் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது, எங்கே நெரிசல் என்று பெட்டியே எண்ணி எண்ணி அனுப்பிக்கொண்டிருக்கும். கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள மில்லு, ஆஸ்பத்திரி, காலேஜ் என்று ஊர்ப்பட்ட பெட்டிகளின் எண்ணிக்கை அவள் திரைக்கு வரும். கோளாறு என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு போர்ட்டை மூடலாம், திறக்கலாம். சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கிற வேலை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் கட்டிக்கொண்டது சாமுவேலை. அவிநாசி ரோட்டில் பாலுசாமி என்பவரின் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் கதை.

கொங்கு நாட்டில் கன்றுக்குட்டிக்குக்கூட ‘ங்க’ போட்டுப் பேசுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். முழுக்க உண்மையில்லை. யாருக்கு ‘ங்க’ போடுவது, யாருக்குப் போடாமல் விடுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மில் மேனேஜர் திருமலைசாமி அந்தச் சூட்சுமத்தில் கரை கண்டவர். லாரி டிரைவருக்குப் போடுவார், வாட்ச்மேனுக்குப் போடுவார், டீ கொண்டுவருகிற பையனுக்கும் போடுவார். சாமுவேலிடம் வரும்போது மட்டும் நாக்கு மடங்கிக்கொள்ளும். ‘டேய் கரண்டு’ என்பார். ‘கரண்டு, இங்க வாடா’ என்பார். ஆறு வருஷம் வேலை பார்த்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

இன்னொன்று. திருமலைசாமிக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். சட்டைக் கையில் ஒரு நூல் பிரிந்து தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. சுவரில் காலண்டர் கோணலாக இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் போய் நேராக்கிவிட்டு வருவார். நல்ல குணம்தான். நல்ல குணத்தினாலும் குடி கெடும்.

மூன்று வருஷம் முன்பு ஒரு ஆயுத பூஜை. மில்லே கழுவித் துடைத்து, எந்திரத்துக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தது. ஸ்விட்ச் இருக்கிற அறைக்கு மட்டும் வேறு யாரையும் விடமாட்டேன் என்று திருமலைசாமியே போனார். துணியால் துடைத்தார், பொட்டு வைத்தார், சூடம் காட்டினார். அங்கே ஒரு நீல ஒயர். ஒரு முனை பெட்டியில் இருந்தது, மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க வருகிற இன்ஜினியர்கள் லேப்டாப்பை மாட்டிக்கொள்ள விட்டுவைத்த ஒயர் அது. நல்ல நாளும் அதுவுமாக ஒரு ஒயர் தொங்கினால் திருமலைசாமிக்குப் பொறுக்குமா? பக்கத்தில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. எடுத்துச் சொருகிவிட்டு, திருப்தியாக வெளியே வந்தார்.

ஒரு பெட்டியிலிருந்து கிளம்பிய ஒயர் அதே பெட்டிக்குள் போய் நுழைந்தால், பெட்டி அனுப்பியது அதற்கே திரும்பி வரும். புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்து அது எல்லாப் பக்கமும் மறுபடி அனுப்பும். அதுவும் திரும்பி வரும். கண் மூடித் திறப்பதற்குள் சுற்றுவதே பெருகிப் பெருகி, தேர் அன்றைக்குத் தேர்வீதி அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேறு எதுவும் நகராது. லூப் என்பார்கள். மில் நின்றது.

முதலில் கண்டுபிடித்தது சாமுவேல்தான். மேனேஜரிடம் போய், இந்த ஒயரின் ரெண்டு முனையும் ஒரே பெட்டியில் இருக்கிறது, நீங்கள் பூஜை போடும்போது மாட்டியிருப்பீர்கள் போல என்று மெதுவாகத்தான் சொன்னார். திருமலைசாமிக்கு முகம் செத்துப்போனது.

“பூஜை போட்ட கையாடா தப்புப் பண்ணும்?” என்றார்.

அதோடு விடவில்லை. மில்லில் அன்றைக்குக் குங்குமம் எடுத்துக்கொள்ளாதவன் நீ ஒருத்தன்தான், உனக்கு எங்கள் பூஜை பிடிக்கவில்லை, அதனால்தான் கை வைத்துவிட்டாய் என்றார். அதற்குள் வெளியிலிருந்து ஒரு ஆளை வரவழைத்திருந்தார்கள். அவன் வந்து ஒயரைப் பிடுங்கினான், எல்லாம் ஓடியது, ‘மாத்திச் சொருகியிருந்துச்சுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வம்பு எதற்கு என்று அந்த ஒயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாற்றிச் சொருகியது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. இல்லாத இடத்தில் திருமலைசாமி சாமுவேலை உட்கார வைத்தார்.

கேட்டில் வைத்துச் சாமுவேலின் பையைக் கொட்டச் சொன்னார்கள். ஷிப்டு மாறுகிற நேரம். பெண்பிள்ளைகள் நூறு பேர் நின்று பார்க்க, டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் தரையில் உருண்டன. டிபன் டப்பாவையும் திறந்து பார்த்தார்கள். அதில் மீதியிருந்த புளிச்சோற்றைப் பார்த்து ஒருத்தன் சிரித்தான். சாமுவேல் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இதை அவர் பொற்கொடியிடம் சொல்லவில்லை. மில்லில் கூட்டிப் பெருக்கும் பாப்பாயி வீடு தேடி வந்து சொல்லி அழுதாள்.

வேலை போனது கூடப் பெரிதில்லை. பெயர் கெட்டுப்போனது. அவிநாசியிலிருந்து திருப்பூர் வரைக்கும் எந்த மில்லுக்குப் போனாலும் ‘அந்த ஒயர் புடுங்கியா நீ?’ என்று கேட்டார்கள். ஒயரைப் பிடுங்கச் சொன்னவருக்கு ஒயர் புடுங்கி என்று பட்டம். கடைசியில் கேமரா மாட்டுகிற ஒரு கடையில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஜெபம் முடிவதற்குள் கிளம்பிவிடுவார். விடு அம்மணி, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வார்.

“கர்த்தருக்கு ஆயிரம் வேலை இருக்குதுங்க. இதை நான் பாத்துக்கறேன்,” என்றாள் பொற்கொடி.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஆள் தன் வாயால், நாலு பேர் காதில் விழ, சாமுவேல் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அது வருகிறவரை அவளுக்கு வயிறு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது யாருக்குப் பலித்ததோ இல்லையோ, பொற்கொடிக்குப் பலித்தது. இந்த வருஷம் ஆடி மாதம் அந்த மில்லே அவள் கம்பெனிக்கு வாடிக்கையாக வந்து, அவள் திரையில் உட்கார்ந்துகொண்டது. நினைத்தால் அன்றைக்கே எல்லாப் போர்ட்டையும் மூடி மில்லை நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒளிந்திருந்து அடித்தால் அந்த ஆளுக்கு வலிக்கும், அவ்வளவுதான். ஏன் அடி விழுந்தது என்று தெரியாது. தெரியாமல் விழுகிற அடி என்ன அடி?

மில்லின் ஸ்விட்சில் லூப் தடுப்பு போடாமலே இருந்தது. அதைப் போட்டுவிட்டால் யார் எந்த ஒயரை எங்கே சொருகினாலும் பெட்டி தானாகச் சமாளித்துக்கொள்ளும். கம்பெனி வழக்கப்படி பொற்கொடி மேனேஜருக்குப் போன் போட்டு, தடுப்பைப் போட்டுவிடவா, சில நிமிஷம் நிற்கும் என்று கேட்டாள். திருமலைசாமிக்கு அவள் யாரென்று தெரியாது; சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி மேடம். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டார். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு நோண்ட வேண்டும், இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். வழக்கப்படி இன்னொரு தடவை வற்புறுத்த வேண்டும். அவள் வற்புறுத்தவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கம்பெனியின் பீல்டு இன்ஜினியர் தாரிக் அந்த மில்லுக்குச் சோதனைக்குப் போனான். லேப்டாப் மாட்டுவதற்கு ஒரு ஒயர் இழுத்தான். வேலை முடிந்ததும் பொற்கொடியைக் கூப்பிட்டு, ஒயரை எடுத்துவிடவா, அப்படியே தொங்கட்டுமா அக்கா என்று கேட்டான்.

எத்தனையோ இடத்தில் அப்படி விட்டு வைப்பதுதான். கேட்டால் யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும், அவள் என்ன செய்கிறாள் என்று.

“தொங்கட்டும் தாரிக்,” என்றாள்.

செய்தது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். அந்தப் பையைக் கொட்டினார்களே, அது சரியா?

ஆயுத பூஜையன்று ஆபீசில் பாதிப் பேர் லீவு. நான் இருக்கிறேன், நீங்கள் எல்லாரும் வண்டிக்குப் பூஜை போடப் போங்கள் என்று பொற்கொடி தானாக முன்வந்து உட்கார்ந்தாள். மற்ற மில்லெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பாலுசாமி மில்லின் ஸ்விட்சை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டாள்.

காலையில் முதல் போர்ட் சிவப்பானது. கொஞ்ச நேரத்தில் பச்சையானது. அடுத்து இரண்டாவது சிவப்பு, பச்சை. பிறகு மூன்றாவது. ஒவ்வொரு ஒயராகக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டுகிறார்கள். அந்த மாதிரி வரிசை தப்பாமல் துடைக்கிறவர் அந்த மில்லில் ஒரே ஒருத்தர்தான். முப்பது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து அவர் கை எங்கே ஊர்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் வரிசை முடிந்தது. கீழ் வரிசைக்கு இறங்கியது. வா, வா என்று அவள் உதடு தானாக முணுமுணுத்தது. கடைசி மூலையில் கை நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. சூடம் காட்டுகிறார் போல.

அதுவரைக்கும் இருட்டாகக் கிடந்த இரண்டு போர்ட்டுகள் ஒரே நேரத்தில் பச்சையாகின.

போக்குவரத்தைக் காட்டும் கோடு தரையோடு கிடந்தது. ஒரே தாவில் உச்சியில் போய் முட்டி, அங்கேயே நின்றுவிட்டது. எச்சரிக்கை மணி அடித்தது. பொற்கொடி அதை அணைத்தாள். மில்லுக்குள் எல்லாம் அடைத்துக்கொண்டாலும் பெட்டியோடு அவள் பேச சிம் கார்டு போட்ட தனி வழி ஒன்று உண்டு. அந்த இரண்டில் ஒரு போர்ட்டை மூடினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிர்பார்த்த போன் வந்தது. திருமலைசாமிக்கு மூச்சு வாங்கியது. மில்லில் புதிதாக வெளிநாட்டு எந்திரம் ஒன்று இறக்கியிருக்கிறார்களாம். நல்ல நேரத்தில் முதலாளி பாலுசாமி கையால் ஓடவைக்க வேண்டுமாம். அவரும் குடும்பமும் தேங்காயோடு எந்திரத்தின் முன்னால் நிற்கிறார்களாம். எந்திரம் கனெக்ஷன் இல்லை என்கிறதாம். இன்னும் கொஞ்சத்தில் ராகு காலம் பிறந்துவிடுமாம். ஏனுங்க அம்மணி, கொஞ்சம் பாருங்க, உங்களைத்தான் நம்பியிருக்கறேனுங்க என்றார்.

யாராவது ஒயரைத் தொட்டீர்களா என்று கேட்டாள். யாருமே தொடவில்லை என்றார். யார் எதைத் தொட்டார்கள் என்று தெரிந்தால்தான் தன்னால் எதுவும் செய்ய முடியும் என்றாள். அது பச்சைப் பொய். இந்தப் பேச்செல்லாம் பதிவாகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும், ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் அதே மில்லால் வேலை போனதாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து வயதான குரல் ஒன்று, ஸ்பீக்கரில் போடுங்க, நானும் கேட்கிறேன் என்றது. பாலுசாமி. அங்கே கூடியிருந்த எல்லாருக்கும் கேட்க ஆரம்பித்தது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். தொங்கிட்டிருந்த ஒயர் எதையாச்சும் யாராச்சும் சொருகினாங்களா?”

“அது… நாந்தானுங்க சொருகினேன். பூஜை போடறப்ப தொங்கிட்டு இருந்துச்சுங்க. பாக்க நல்லால்லைன்னு எடுத்து உட்டேனுங்க.”

இதே மாதிரி முன்னால் எப்போதாவது மில் நின்றிருக்கிறதா என்று கேட்டாள். நின்றது, மூன்று வருஷம் முன்பு, இதே ஆயுத பூஜையன்று, ஒரு கரண்டுக்காரன் வேண்டுமென்றே செய்தான், அவனை அன்றைக்கே துரத்திவிட்டோம் என்று மளமளவென்று சொன்னார்.

“அன்னிக்குத் தொங்கின ஒயரை எடுத்துச் சொருகினது யாருங்க சார்?”

“அன்னிக்கு… அன்னிக்கும்…” என்று இழுத்தார். பின்னால் யாரோ இருமுவது கேட்டது. அந்த மனிதருக்கு இப்போதுதான் புத்திக்கு ஏறுகிறது என்று பொற்கொடிக்குப் புரிந்தது. மூன்று வருஷமாக அவர் நிஜமாகவே தன் கை சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்காக அவள் இரங்கினாள் என்று நினைக்காதீர்கள்.

“நாந்தானுங்க,” என்றார்.

“அப்ப அந்தக் கரண்டுக்காரரு?”

“அவன் ஒண்ணும் பண்ணலீங்க.”

“அவரு பேரு என்னங்க சார்? ரிப்போர்ட்டுல எழுதணும்.”

திருமலைசாமி தடுமாறினார். கரண்டு, கரண்டு என்றுதான் கூப்பிடுவோம், பேர் ஞாபகமில்லை என்றார். பொற்கொடிக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. ஆறு வருஷம் வேலை வாங்கி, நூறு பேர் முன்னால் சோற்று டப்பாவைத் திறந்து காட்டவைத்து, ஊரெல்லாம் பட்டம் கட்டி அனுப்பிய மனிதருக்கு ஒரு பெயர் கூட இல்லை.

“பேரு ஞாபகம் வந்ததும் கூப்பிடுங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

கோடு உச்சியில் அப்படியே நின்றது. ராகு காலத்துக்கு நேரம் கரைந்துகொண்டிருந்தது. அங்கே அந்த ஆள் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தராகப் போய், அவன் பேர் என்ன, அவன் பேர் என்ன என்று கேட்டுத் திரிவதை அவள் மனசுக்குள் பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தித்திப்பாக இருந்தது.

மறுபடி போன். ஸ்பீக்கர் சத்தம் அப்படியே இருந்தது.

“பாப்பாயியைக் கேட்டனுங்க. சாமுவேலுங்க.”

‘ங்க’ தனக்காகப் போட்டது என்று பொற்கொடிக்குத் தெரியாமல் இல்லை. இருக்கட்டும். ஒட்டிக்கொண்டது அந்தப் பெயரோடுதானே.

“முழுசாச் சொல்லுங்க சார். எழுதிக்கறேன்.”

“சாமுவேல் பண்ணலீங்க. நாந்தானுங்க பண்ணுனேன்.”

அவள் போர்ட்டை மூடினாள். கோடு தரைக்கு வந்தது. அந்தப் பக்கம் ஒரு உறுமல் கிளம்பி, எந்திரம் சீராக ஓட ஆரம்பித்தது. யாரோ கை தட்டினார்கள். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது.

திருமலைசாமிக்கு உயிர் வந்துவிட்டது. நன்றி நன்றி என்று நாலு தடவை சொன்னார். உயிர் வந்ததும் ஊர்ப் பழக்கமும் கூடவே வந்தது. நம் பக்கத்தில் ஒருத்தர் உதவி செய்துவிட்டால் அவர் யார், எந்த ஊர், எந்த வீடு என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார்கள்.

“பேச்செல்லாம் நம்ம பக்கமாட்டத்தான் இருக்குதுங்க. நீங்க யாரு ஊட்டுப் புள்ளைங்க கண்ணு?”

“நான் சாமுவேல் ஊட்டுக்காரிங்க,” என்றாள் பொற்கொடி.

பெற்ற மகனையே வாங்க போங்க என்று கூப்பிடுகிறவர் பாலுசாமி என்று சாமுவேல் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பாலுசாமியின் குரல் இப்போது போனுக்குப் பக்கத்தில் வந்தது.

“திருமலைசாமி, நீ ஆபீசுக்கு வா.”

பொற்கொடிக்கு வயிறு குளிர்ந்தது. போனை அவள் வைக்கவில்லை. அந்த ஆளாக வைக்கட்டும் என்று காதோடு பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.